சவ்வு கிழிந்தால் கண்ணீர்

வெங்காயத்தை உரிக்க உரிக்க உள்ளே ஒன்றும் இருக்காது என்பார்கள். பேச்சுக்கு அது சரி. ஆனால் சருகை நீக்கியதும் வரும் சதைப்பற்றான இதழ் ஒன்றை எடுத்து, அதன் உட்பக்கத்தை நகத்தால் லேசாகக் கீறி இழுத்துப் பாருங்கள். நனைந்த டிஷ்யூ காகிதம் போல ஒரு படலம் வரும். அதன் தடிமன் ஒரே ஒரு செல்.

பள்ளிக்கூடத்தில் இதைச் செய்திருப்பீர்கள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் படலம், மேலே ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம். மூடுவில்லையை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்க வேண்டும். அவசரப்பட்டுப் படாரென்று வைத்தால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற பலரும், கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரியும் அந்தக் குமிழியைத்தான் செல் என்று நம்பிப் படம் வரைவார்கள். நானும் வரைந்தேன். "படம் நல்லா இருக்கு, ஆனா இது காத்து" என்றார் ஆசிரியர்.

குமிழியை விட்டுக் கண்ணை நகர்த்தினால் தெரிவது ஒரு செங்கல் சுவர். ஒவ்வொரு செங்கல்லும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பேறிய ஒரு பொட்டு, அதுவும் நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஒதுங்கி. அந்தப் பொட்டுதான் உட்கரு. அதை ஓரம் தள்ளிவிட்டு நடு இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருப்பது வாக்குவோல் என்னும் தண்ணீர்ப் பை. சாயம் ஏறாததால் அது கண்ணுக்கு வெற்றிடம் போலத் தெரியும்.

செல் என்ற பெயர் வந்ததும் இப்படிச் சுவரைப் பார்த்துத்தான். 1665இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக், பாட்டில் மூடும் தக்கையை மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். லத்தீனில் சிற்றறைக்கு உள்ள சொல்லிலிருந்து 'செல்' என்றார். ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடிக்கும் மேல் இருக்கும் என்று கணக்கும் போட்டார். ஆனால் தக்கை என்பது செத்த மரப்பட்டை. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டைத்தான் அவர் பார்த்தார். சில ஆண்டுகள் கழித்து டச்சு ஊரான டெல்ஃப்ட்டில் துணி வியாபாரி லேவன்ஹூக், குளத்துத் தண்ணீரிலும் பல்லிடுக்குக் கசடிலும் நெளிந்து ஓடும் உயிருள்ள செல்களைக் கண்டார். தாவரமும் விலங்கும் செல்களால் ஆனவையே என்று ஷ்லைடனும் ஷ்வானும் சொல்ல 1838-39 ஆயிற்று. செல்லிலிருந்துதான் செல் வரும், வேறெதிலிருந்தும் வராது என்ற விதியை விர்ச்சோ 1855இல் முன்வைத்தார்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் செல்லுக்குக் 'கலம்' என்று பெயர். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். அறை என்றால் சுவர் நினைவுக்கு வருகிறது. கலம் என்றால், உள்ளே இருப்பது சிந்தாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது. செல் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதும் கிட்டத்தட்ட அந்தக் கேள்விதான்.

அப்படிச் சிந்தாமல் காப்பது செல் சவ்வு. தடிமன் 7, 8 நானோமீட்டர். ஒரு லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் வராது. தாவரத்தில் தெரியும் செங்கல் சுவர் இதற்கு வெளியே இருக்கிற கூடுதல் பாதுகாப்பு. நம் செல்களுக்கு அந்தச் சுவரே கிடையாது, சவ்வு மட்டும்தான்.

இதைக் கட்ட கொத்தனார் வேண்டாம் என்பதுதான் வியப்பு. சவ்வின் மூலப்பொருள் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு. அதற்குத் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் இரண்டு வால்களும் உண்டு. ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே குணம்தான் இங்கும். தண்ணீரில் விட்டால் இந்த மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி, இரண்டு வரிசையாகத் தாமே அணிவகுக்கும். அந்த அடுக்கு கெட்டியானதும் இல்லை, எண்ணெய்ப் படலம் போல எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதில் புரதங்கள் படகு மாதிரி மிதக்கின்றன. இந்தச் சித்திரத்தை சிங்கர், நிக்கல்சன் இருவரும் 1972இல் தந்தார்கள்.

ஆக்ஸிஜன் இந்தக் கொழுப்புப் படலத்தின் வழியே நழுவிப் போய்விடும். தண்ணீரும் ஓரளவு போகும். உப்பும் சர்க்கரையும் போகாது. அவை உள்ளே நுழைய, மிதக்கும் புரதங்களில் தங்களுக்கென்று உள்ள வாசல் எது என்று தேடிப் போக வேண்டும்.

தண்ணீர் போகும், உப்பு போகாது என்ற இந்த ஓரவஞ்சனையை வீட்டிலேயே பார்க்கலாம், ஒரு மைக்ராஸ்கோப் இருந்தால். இந்த முறை பெரிய வெங்காயத்தின் ஊதா நிற மேல்படலத்தை உரியுங்கள். சாயமே வேண்டாம், நிறம் வாக்குவோலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மூடுவில்லையின் ஒரு ஓரத்தில் நன்றாக உப்பிட்ட தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் மை ஒற்றும் தாளை வைத்தால் உப்புநீர் உள்ளே இழுக்கப்படும். சில நிமிடங்களில் செங்கல் முழுக்க நிறைந்திருந்த ஊதா, சுவரை விட்டு விலகி, சுருங்கி, நிறம் அடர்ந்து நடுவில் ஒரு உருண்டையாக நிற்கும். செல்லுக்குள்ளிருந்த தண்ணீர் வெளியே இருக்கும் உப்பை நோக்கிப் போய்விட்டது. சவ்வு சுருங்கியது, சுவர் அப்படியே நின்றது. இப்போது வெறும் தண்ணீரை விட்டுப் பாருங்கள், ஊதா மெல்ல விரிந்து பழையபடி சுவரைத் தொடும். பாடப்புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று படித்ததை இப்படிக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கீரைக்காரம்மா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டுகளின் மேல் தண்ணீர் தெளிப்பதும் இதே கணக்கு. வாக்குவோல் நிறைந்திருந்தால் அது சுவரை உள்ளிருந்து அழுத்தும், தண்டு விறைப்பாக நிற்கும். தண்ணீர் போனால் காற்றிறங்கிய சைக்கிள் டியூப். மாங்காய் ஊறுகாய் கெடாமல் இருப்பதும் அப்படித்தான். அதில் வந்து விழும் நுண்ணுயிரியின் செல்லிலிருந்து உப்பு தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது.

வாசல்கள் என்றேனே, அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. லட்சக்கணக்கான குழந்தைகளை உயிரோடு வைத்திருக்கும் வாசல் அது. நம் சிறுகுடலின் உட்சுவர் செல்களில், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. தனியாக வந்தால் அது வேலை செய்யாது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். காலராவில் நஞ்சு செல்லின் வேறொரு வாசலைத் திறந்தே வைத்துவிடுகிறது, அதன் வழியே குளோரைடு வெளியேற, தண்ணீர் லிட்டர் லிட்டராகக் குடலுக்குள் கொட்டுகிறது. ஆனால் சோடியம்-குளுக்கோஸ் வாசலை அந்த நஞ்சு தொடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் அது உடலில் நிற்காது. உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் அவ்வளவாக நிற்காது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் நிற்கும்.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்க எல்லையில் பன்காவில் குவிந்தபோது காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அங்கே பணியில் இருந்த மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து பொட்டலங்களாகக் கட்டி, கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். முகாமில் 30 சதவீதம் வரை இருந்த காலரா இறப்பு, இந்தக் கரைசல் கிடைத்தவர்களிடையே 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சோடியமும் குளுக்கோஸும் மூலக்கூறு எண்ணிக்கையில் சரிக்குச் சரி. வயிற்றுப்போக்குக்கு உப்பிட்ட கஞ்சி கொடுத்த பாட்டிமார்களும் இதே வாசலைத்தான் தட்டினார்கள், கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தானே உடைகிறது.

சரி, சோடியம் ஏன் உள்ளே வர அவ்வளவு துடிக்கிறது? செல் அதை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருப்பதால். நம் செல்லுக்கு வெளியே சோடியம், உள்ளே இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பொட்டாசியம் நேர்மாறு. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்ற, சவ்வில் பம்பு செட் மாதிரி ஒரு புரதம், ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957இல் நண்டின் கால் நரம்புகளில் இதைக் கண்டுபிடித்தார். நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்தப் பம்புகளுக்கே போகிறது. பம்பு நின்றால் உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும். அதற்குப் பெயர்தான் சாவு.

பம்பை ஓட்டக் காசு வேண்டும். செல்லில் புழங்கும் காசு ஏடிபி என்னும் மூலக்கூறு. உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபியை நிறுத்தால் கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் ஒரு நாளில் ஆக்கி, உடைத்து, மறுபடி ஆக்கும் மொத்தம் நம் உடல் எடை அளவுக்கு வரும். இதைப் பெருமளவு அச்சடிப்பது மைட்டோகாண்ட்ரியா. 'மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்' என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அந்த வரியால் எனக்கு எதுவும் புரிந்ததில்லை.

நடப்பது இது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மடிப்பு மடிப்பாக இன்னொரு சவ்வு இருக்கிறது. இட்லியிலிருந்து வந்த குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, ஹைட்ரஜன் அயனிகளை அந்தச் சவ்வின் ஒரு பக்கம் தேக்கிவைக்கிறது மைட்டோகாண்ட்ரியா, மேட்டூரில் தண்ணீரைத் தேக்குவது போல. தேங்கியவை திரும்பி வர ஒரே வழி, சவ்வில் பதித்த ஒரு சுழலி. அயனிகள் பாயப் பாய அது நொடிக்கு நூறு சுற்று அளவில் சுழலும், ஒவ்வொரு சுற்றிலும் ஏடிபி வார்க்கப்பட்டு விழும். பீட்டர் மிட்செல் 1961இல் அணைக்கட்டுக் கருத்தைச் சொன்னபோது பலர் நம்பவில்லை, 1978இல் நோபல் கிடைத்தது. சுழலியை விளக்கிய பாயருக்கும் வாக்கருக்கும், சோடியம் பம்பைக் கண்ட ஸ்கௌவுக்கும் 1997இன் வேதியியல் நோபலைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். சம்பாதிப்பவனுக்கும் செலவழிப்பவனுக்கும் ஒரே மேடையில் மாலை.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியே வாழ்ந்த பாக்டீரியா, பெரிய செல்லுக்குள் புகுந்து அங்கேயே குடித்தனம் பண்ணிவிட்டது என்று லின் மார்குலிஸ் 1967இல் வாதிட்டார். இன்று அதுவே ஏற்கப்பட்ட கருத்து. அதற்குச் சொந்தமாக 37 மரபணுக்கள் உண்டு. அவை நமக்குத் தாய்வழியில் மட்டும் வருகின்றன.

செல்லுக்குள் இத்தனை தடுப்புகள் எதற்கு என்று இங்கே கேட்கத் தோன்றும். வெங்காயத்திடமே கேட்கலாம். முழு வெங்காயத்தை முகர்ந்தால் கண் எரிவதில்லை. கந்தகச் சேர்மம் ஒன்று வாக்குவோலுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் இருக்கிறது, அதை உடைக்கும் நொதி வாக்குவோலுக்குள் இருக்கிறது. நடுவில் ஒரு சவ்வு. கத்தி பட்டுச் சவ்வு கிழிந்ததும் இரண்டும் கலந்து, கண்ணை எரிக்கும் ஆவி கிளம்புகிறது. மரவள்ளிக்கிழங்கும் அதே தந்திரக்காரன்தான், ஆனால் அங்கே விளையாட்டு வினையாகும். அதன் வாக்குவோலில் லினமாரின் என்ற சேர்மம், செல் சுவரில் அதை உடைக்கும் நொதி. கிழங்கை நறுக்கினால், இடித்தால், இரண்டும் சந்தித்து ஹைட்ரஜன் சயனைடு வாயு உண்டாகிறது. சயனைடு போய் அடைப்பது மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிப் படியை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது, அணை வற்றும், சுழலி நிற்கும், பம்புகள் நிற்கும். மரவள்ளியை நறுக்கித் தண்ணீரில் போட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் வழக்கம் சும்மா வந்ததில்லை.

சவ்வில் மிதக்கும் வாசல், பம்பு, சுழலி எல்லாமே புரதம். இவற்றைச் செய்யும் குறிப்பு உட்கருவுக்குள் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது. நம் செல் ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் 2 மீட்டர், அதை 46 குரோமோசோம்களாகச் சுருட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் வைத்திருக்கிறது. மூலப்பத்திரம் பீரோவை விட்டு வெளியே வராது, ஜெராக்ஸ்தான் வரும். ஆர்.என்.ஏ. என்ற அந்த நகல் உட்கருவின் துளை வழியே வெளியேறி ரைபோசோமிடம் போகிறது. ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், பாக்டீரியா ரைபோசோமின் சிறிய பாகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை அணு அணுவாகக் காட்டினார். 2009இன் வேதியியல் நோபலை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

இது ஆய்வகத்தோடு நின்ற செய்தி இல்லை. பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதிலிருந்து சற்று வேறுபட்டது. அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகள் அதில் போய் மாட்டிக்கொள்கின்றன. அமாக்ஸிசிலின் வேறு வழியில் போகும், பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கும். நமக்குச் சுவர் இல்லை, ஆகவே நமக்கு அந்தக் கேடு இல்லை. சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணமான வைரஸுக்கு ரைபோசோமும் இல்லை, சுவரும் இல்லை, அது செல்லே இல்லை. சளி பிடித்ததும் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்குகிறவர்கள் எதன்மேல் அம்பு விடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

குறிப்பில் ஒரு எழுத்துப் பிழை என்ன செய்யும் என்பதற்கும் ஒரு உதாரணம் போதும். சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது மட்டும் மாறினால் அரிவாள் செல் ரத்தசோகை. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு, ஆக்ஸிஜன் குறையும்போது அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களில் சிக்கும். இந்தியாவில் இது முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952இல்.

சிவப்பணுவே ஒரு விசித்திரப் பிறவி. நம் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் என்றால், எண்ணிக்கையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அவைதான். எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடும். மைட்டோகாண்ட்ரியாவும் இருக்காது. அதனால் சுமக்கும் ஆக்ஸிஜனில் துளியும் தனக்கென்று எடுத்துக்கொள்ளாது. ரிப்பேர் செய்யக் குறிப்பு இல்லாததால் 120 நாள்தான் ஆயுள். அந்த இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை நொடிக்கு 20 லட்சம் புதிய அணுக்களை அனுப்புகிறது.

செல்கள் ஏன் இவ்வளவு சிறியவை? சேனைக்கிழங்கைப் பெரிய துண்டாகப் போட்டால் நடு வேகாது, சின்னதாக நறுக்கினால் சட்டென்று வெந்துவிடும். உள்ளே போக வேண்டியது எல்லாம் மேற்பரப்பு வழியாகத்தான் போக வேண்டும். செல் பெருத்தால் கொள்ளளவு வேகமாகக் கூடும், சவ்வின் பரப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே ஒரு அளவுக்கு மேல் வளராமல் இரண்டாகப் பிரிந்துகொள்வதுதான் வழி. விதிவிலக்குக்கு நாமக்கல் முட்டையை உடைத்துப் பாருங்கள். சேவல் சேராத பண்ணை முட்டை அது, மஞ்சள் கரு முழுதும் ஒரே செல். பெரும்பகுதி சும்மா கிடக்கும் உணவு மூட்டை, உயிர் வேலை நடப்பது அதன் மேல் தெரியும் வெளிறிய சிறு புள்ளியில்.

வெங்காயத்துக்கு வருவோம். வாணலியில் எண்ணெய் காய்ந்து, நறுக்கியதைப் போட்டுக் கிளறும்போது, சூட்டில் சவ்வுகள் வரிசையாக உடைகின்றன. உள்ளே அடைபட்டிருந்த தண்ணீர் வெளியே வந்து, செல்களுக்கு நடுவே காற்று இருந்த இடுக்குகளை நிரப்புகிறது. அதனால்தான் வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி ஆகிறது. நொதி வெந்துவிட்டதால் கண்ணும் எரிவதில்லை. சீக்கிரம் வதங்க வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள்.